பகாவ் பேருந்தும் காஞ்சனாவின் முட்டிக்கு வைத்த வெளிச்சமும்

போன வாரம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். சிரம்பான் வரை வருகிறவர்கள் எல்லாரும் போர்ட்டிக்சன் கடற்கரைக்கே ஓடுகிறார்களே, பகாவ் பக்கம் போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று. நியாயமான கேள்விதான். நான் அந்தப் பாதையில் அதிகம் போனது எதையும் பார்ப்பதற்காக அல்ல, என் தங்கையின் முட்டிக்காக. ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் சிரம்பானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டு மம்பாவில் வாடகை அறையில் இருந்தேன். தங்கை காஞ்சனா பகாவுக்கு அப்பால் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்திலேயே அம்மாவுடன் இருந்தாள். காலையில் பால்மரம் வெட்டுவாள், மாலையில் உயரம் தாண்டப் பழகுவாள். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்திருந்தாள். மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்க இன்னும் ஏழே வாரம். அந்த நேரம் பார்த்து முட்டிச்சில்லுக்குக் கீழே பிடித்துக்கொண்டது வலி. தசைநார் நைந்திருக்கிறது, குதிக்கிறவர்களுக்கு வருவதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சிரம்பானில் ரோஸ்னா என்ற மலாய்க்காரப் பெண்மணி சொந்தமாக ஒரு பிசியோ அறை வைத்திருந்தார். முட்டிக்கு ஒளி வைக்கும் புதுக் கருவி அவரிடம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, காஞ்சனாவை வரச் சொன்னேன். நான்கு சனிக்கிழமை வந்தாள். வலி இம்மியும் குறையவில்லை. ஐந்தாம் வாரம் தோட்டத்து மேஸ்திரியான தண்டல் வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்து, இனி வரமாட்டேன், போதும் என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு நானே கிளம்பினேன்.

மாலை ஐந்து மணிப் பேருந்து. சிரம்பானிலிருந்து பகாவ் ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் அப்போது மூன்று வெள்ளிச் சில்லறை. புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் எனக்கு வயிறு புரட்டும் என்பதால் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் பிடித்தேன். வளைவுக்கு வளைவு பச்சைக் காடு. ரசிக்கத் தெரிந்தவர்கள் ரசிக்கலாம், நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோலப்பிலாவில் பத்து நிமிடம் நின்றபோதுதான் உயிர் வந்தது. இறங்கி ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், குடித்தேன். பகாவ் சேர ஏழே கால். அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குத் தண்டல் ராமையா மாமா மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டார். அப்பாவின் கூட்டாளி அவர். காஞ்சனா தாண்டுவதைப் பார்க்க மாவட்டப் போட்டிக்கு லாரி பிடித்து ஆள் திரட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

வழி நெடுக அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வெளிச்சம் சுடுமா? சுடாது என்றேன். அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. வீட்டில் அம்மாவும் அதையேதான் கேட்டார். எங்கள் தோட்டத்தில் வைத்தியம் என்றால் சுட வேண்டும், இல்லாவிட்டால் கசக்க வேண்டும்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் என்னோடு கிளம்பு என்று காஞ்சனாவைக் கெஞ்சிப் பார்த்தேன். மாதக் கடைசியில் லீவு போட முடியாது, வேண்டுமானால் மதியம் வருகிறேன் என்றாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஆறு மணிக்கு அவள் பின்னாலேயே காட்டுக்குப் போனேன். நான் பள்ளி முடித்ததும் டவுனுக்கு ஓடிவந்தவள், உளி பிடித்துப் பழக்கமில்லை. அவள் வெட்டிய நிரை, அதாவது அவள் பங்குக்கு விட்ட மரவரிசை, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வருடக்கணக்காக வெட்டி வெட்டி அந்த மரங்களில் வெட்டு அடிமரத்துக்கே இறங்கிவிட்டிருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் முட்டியை முழுக்க மடக்கிக் குந்தினாள், குந்தியபடியே மரத்தைச் சுற்றி நகர்ந்தாள், ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். அடுத்த மரம். மறுபடி குந்தல். ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று கேட்டேன். நானூறுக்கு மேல் என்றாள், ஏதோ நான்கு என்பதுபோல. எனக்குப் பார்த்தே முட்டி வலித்தது.

பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பன்னிரண்டரைக்குப் பகாவில் பேருந்து ஏறினோம். மூன்று மணிக்குள் சிரம்பான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய். மீன் குழம்பு ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள், பருப்பை விட அதுதான் அங்கே விசேஷம்.

ரோஸ்னாவின் அறை ஒரு பல் மருத்துவர் மாடியில். காஞ்சனாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கருவியை முட்டிச்சில்லுக்குக் கீழே ஒவ்வோர் இடமாகத் தொட்டு வைத்தார். சின்னச் சிவப்புப் புள்ளி, ஒரு பீப் சத்தம், அடுத்த இடம். பத்து நிமிடத்தில் முடிந்தது. இது வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும், தசைநார் தேறுவதற்கு ஓய்வும் பயிற்சியும்தான் முக்கியம் என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். அன்றும் மலாயில் அதையே கேட்டார். முட்டிக்கு ஓய்வு கொடுக்கிறாயா?

காஞ்சனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு மாதமாகக் குதிக்கவே இல்லை என்றாள். அது உண்மைதான். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. காலையில் பார்த்ததைச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

"அது வேலை அக்கா. மரம் வெட்டுறது கைதானே, முட்டியா வெட்டுது?"

எப்படி வெட்டுவாய், காட்டு என்றார் ரோஸ்னா. காஞ்சனா அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள், அறை நடுவில் இருந்த கட்டிலின் ஒரு காலருகே சரேலென்று குந்தினாள், கோடு இழுத்துக்கொண்டே அந்தக் கட்டில் காலைச் சுற்றி நகர்ந்தாள், தரையில் கை ஊன்றி எழுந்தாள். எழும்போது முகம் சுருங்கியதை மூவரும் பார்த்தோம். ரோஸ்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. நானூறு தடவை இப்படிக் குந்தினால் நான் சூரியனையே கொண்டுவந்து வைத்தாலும் ஆறாது என்றார். அந்த மரங்களை விட்டுவிட்டு, அவர் சொல்லும் பயிற்சியை மெதுவாகச் செய்தால் சில மாதத்தில் தாண்டலாம். தேர்வுக்கு மிச்சமிருக்கும் இரண்டு வாரத்தில் முடியாது, தாண்டினால் தசைநார் முழுதாக அறுந்துபோகவும் கூடும் என்றார்.

திரும்பும் பேருந்தில் புக்கிட் புத்துஸ் ஏறும்போது காஞ்சனா அழுதாள். எனக்கு வயிறு புரட்டவே இல்லை. அவ்வளவு துக்கம். அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டவளில்லை, இது ஒன்றைத்தான் கேட்டாள்.

பகாவில் மோட்டாரோடு காத்திருந்த ராமையா மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"கிட்டக்க இருக்குற நிரை, சீக்கிரமா முடிச்சிட்டு பாடாங்குக்குத் தாண்டிப் பழகப் போவட்டும்னு நாந்தாம்மா கேட்டு வாங்கிக் குடுத்தேன்."

நாலு பேர் போட்டி போட்ட நிரை அது. தோட்ட ஆபீஸ் பெரிய கிராணியிடம் பேசி, சண்டை போட்டு, இவளுக்கென்று வாங்கியிருக்கிறார். அதற்கு மேல் அவரை நான் என்ன சொல்ல? காஞ்சனாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுங்க மாமா, அடுத்த வருசம் தாண்டிக்கலாம் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் அவள் அந்த வருடத்தை விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வேலைநாள் காலை, ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் மாமா நிரையை மாற்றினாராம். காஞ்சனாவுக்குத் தூரத்து மேட்டுக்காடு. அங்கே புதுப்பட்டை, வெட்டு நெஞ்சு உயரத்தில். நின்றுகொண்டே வெட்டலாம், ஆனால் முடிக்கப் பிற்பகல் ஆகும். கீழ் வெட்டு நிரையைத் தன் மனைவிக்கே கொடுத்தார். அத்தை ஒரு வாரம் அவருக்கு உப்பில்லாமல் சமைத்தார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நான் சொன்ன நேரமும் கட்டணமும் முப்பது வருடப் பழசு, இன்றையதை விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய மலைப்பாதை வழியாகப் போவதானால் வெறும் வயிற்றோடு ஏறுங்கள், முன் இருக்கையில் உட்காருங்கள், கோலப்பிலாவில் இறங்கிச் சாப்பிடுங்கள். முட்டிக்காகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வெளிச்சம் வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். விளையாட்டைப் பற்றிச் சொல்வதோடு, காலையில் எழுந்ததிலிருந்து என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். துணி துவைப்பது, மூட்டை தூக்குவது, குந்தி அடுப்பூதுவது, எல்லாம். அதெல்லாம் வேலைதானே என்று விட்டுவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கம்.

மறு வருடம் தேர்வு நாளன்று எனக்குக் கடையில் லீவு தரவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குக் கடைப் போன் அடித்தது. திடலுக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து காஞ்சனா. மூச்சு வாங்கிக்கொண்டே, அக்கா, ஒன்பது தடவை தாண்டினேன், முட்டி ஒரு தடவைகூட வலிக்கவில்லை என்றாள். அதையே இரண்டு முறை சொன்னாள். காசு முடியப்போகிற சத்தம் கேட்டது. ஏய், எடுத்தார்களா இல்லையா, அதைச் சொல்லு என்று நான் கத்தியதில் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆங், எடுத்துட்டாங்கக்கா," என்றாள், அது என்னவோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி.