அண்ணனுக்கு ஒரு சைக்கிள்

அந்தக் கடைக்குள் நுழைகிற யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "அளவுக்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். சைக்கிள் வாங்க வந்த ஆளைச் சுவரோடு ஒட்டி நிற்க வைப்பார். கால்களுக்கு நடுவில் தடிமனாக ஒரு புத்தகத்தைச் சொருகி, அதன் முதுகிலிருந்து தரை வரை டேப் பிடிப்பார். அப்புறம் கையை நீட்டச் சொல்லி ஒரு அளவு. அவ்வளவுதான். ஃப்ரேம் எத்தனை அங்குலம், சீட் எவ்வளவு உயரம், ஹேண்டில் எவ்வளவு அகலம் என்று கடகடவென்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. சும்மாவா?

எந்த வண்டி என்பதிலும் ஆள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. தார் ரோட்டில் பறக்கிறவனுக்கு ஒல்லி டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டிலும். கல்லும் வேரும் கிடக்கிற காட்டுப்பாதையில் போகிறவனுக்குத் தடித்த டயரும் முன்னால் சஸ்பென்ஷனும். "ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு குடுங்க" என்று எவராவது வாய் திறந்துவிட்டால் தொலைந்தார்கள். "ஓட்டப்பந்தயத்துக்கும் சேத்துல எறங்கவும் ஒரே செருப்பைத்தான் போடுவீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மா தலையில் அடித்துக்கொள்வார். "வர்ற மனுசங்களை வெரட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. வண்டியைக் கைமாற்றுவதற்கு முன்னால் பிரேக்கை மூன்று தடவை சரிபார்ப்பார். பின் சக்கரத்தில்தான் கூடுதல் நேரம். வாங்கியவர் வாசலைத் தாண்டிய பிறகு, "ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று பின்னாலேயே ஓடி நான்காவது தடவை பார்த்ததும் உண்டு. கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். ஏன் இப்படி என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமை மனிதர் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

அவருக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்குப் பதினேழு. வீட்டில் இரண்டு பழைய சைக்கிள்கள். அண்ணன் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம், உட்கார்ந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை புதிதாக இரண்டு பிரேக் கட்டைகள் வாங்கி வந்து, தன் வண்டியின் பின் சக்கரத்தில் பூட்டினார். மறுநாள் காலை தம்பிக்குச் சிநேகிதர்களோடு பந்தயம். தம்பியின் வண்டியில் கட்டை தேய்ந்து, பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் மட்டும்தான் வரும். அண்ணன் எழுந்திருப்பதற்குள் தம்பி புதுக் கட்டைகளைக் கழற்றித் தன் வண்டியில் போட்டுக்கொண்டான். தேய்ந்ததை அண்ணன் வண்டியில் மாட்டினான். மறுபடி ஸ்பேனர் போட்டு முடுக்க நேரமில்லை. நட்டை விரலாலேயே திருகிவிட்டு ஓடினான். சாயங்காலம் வந்து மாற்றிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பு.

சாயங்காலம் வரை எதுவும் காத்திருக்கவில்லை. பத்து மணிக்கு அண்ணன் தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் வரும்போது பின்கட்டை தெறித்துப் போயிற்று. முன் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. வண்டி நேராகப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. தொடை எலும்பு மூன்று இடத்தில் முறிவு. ஏழு மாதம் படுக்கை. எலும்பு கூடியது, ஆனால் இடது கால் குட்டையாகிவிட்டது. மெக்கானிக் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அண்ணன் போகமாட்டேன் என்றுவிட்டார். தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற வேலையில் சேர்ந்தார். அதன்பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை.

தம்பி வாயைத் திறக்கவில்லை. முதலில் அப்பாவின் அடிக்குப் பயம். அப்புறம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்புறம், இத்தனை நாள் கழித்து எதற்கு என்று ஆகிவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று. உடைந்த வண்டியில் மிச்சமிருந்த இன்னொரு கட்டை தேய்ந்த கட்டை. அதை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் பச்சைக் குழந்தைக்கும் விஷயம் விளங்கியிருக்கும். யாராவது பார்த்தார்களா, அண்ணனிடம் சொன்னார்களா? இதுதான் அவர் மண்டைக்குள் கிடந்து குடைந்தது. அண்ணனும் தம்பியும் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஆனால் தம்பி வேலை பார்க்கிற கடைக்குள் அண்ணன் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை.

அந்த அண்ணன்தான் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி, கடைக்குள் வந்து நின்றார்.

"வா அண்ணா! என்ன இந்தப் பக்கம்? அண்ணிக்கு ஒடம்பு ஏதும்..."

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. எனக்கு ஒரு சைக்கிள் வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்டா. ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா?"

விஷயம் இவ்வளவுதான். நடக்க நடக்க முட்டி தேய்கிறது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அணைக்கட்டுக்குச் சைக்கிளில் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ள ஆசை.

"போறப்போ தார் ரோடு. வர்றப்போ அணைக்குப் பின்னாடி காட்டுப்பாதை. ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு குடு."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, செருப்புப் பேச்சு வரப்போகிறது என்று காத்திருந்தார். வரவில்லை. அளவுக்காரர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம், பிரேக் நல்லா இருக்கணும்" என்றார் அண்ணன்.

எல்லாரும் கேட்கிறதுதானே? தினம் பத்துப் பேர் கேட்கிறார்கள். ஆனால் இது அண்ணன் வாயிலிருந்து வந்தது. தெரிந்துதான் கேட்கிறாரா? தெரியாமல் கேட்கிறாரா? அளவுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலில் ரோட்டு வண்டியை எடுத்து வைத்தார். "இது பஞ்சு மாதிரி லேசா இருக்கும்ணா. மேடு ஏற சுகமா இருக்கும்." அண்ணன் கை வைப்பதற்குள் தானே அதைத் தள்ளி வைத்தார். "வேணாம், குனிஞ்சே ஓட்டணும், உன் இடுப்பு தாங்காது." காட்டு வண்டியை இழுத்து வந்தார். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு, பெரிய சக்கரம், கல்லில் ஏறினால் கையை உலுக்காத சஸ்பென்ஷன். "இதுதான் உனக்கு. ஆனா தார் ரோட்ல இழுக்கும். அவங்கள்லாம் முன்னாடி போயிடுவாங்க, நீ பின்னாடியே கெடப்ப." அதையும் ஓரம் கட்டினார். ரோட்டு வண்டியிலேயே அகலமான டயர் போட்டால்? ஃப்ரேமுக்குள் நுழையாது. காட்டு வண்டியில் மொழுமொழு டயர் போட்டால்? மழை பெய்த பாதையில் வழுக்கும். வழுக்கினால் பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக்! சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

"என்னடா, நீ பெரிய ஆளுன்னு ஊரே சொல்லுது. நீயே இப்படி கொழம்புற?"

"இல்லண்ணா, யோசிக்கிறேன்."

"சரி, இதைச் சொல்லு. எண்ணெய் பிரேக்கா, கம்பி பிரேக்கா? எது கழண்டு விழாது?"

கழண்டு விழாது!  அளவுக்காரர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். சாதாரணமாகத்தான் இருந்தது. சாதாரணமாக இருப்பதே சந்தேகமாக இருந்தது. எண்ணெய் பிரேக்கில் குழாய் எப்படி ஓடுகிறது, கம்பி பிரேக்கில் கம்பி எப்படித் தொய்கிறது என்று என்னென்னவோ உளறிக் கொட்டினார். கேட்டுக்கொண்டிருந்த முதலாளியம்மாவே, "இவருக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?" என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

கடையில் இருவர் மட்டும். வேறு வழி தெரியாமல் அளவுக்காரர் டேப்பை எடுத்தார். அளந்தால் புத்தி நிதானத்துக்கு வரும் என்று நினைத்தார். அண்ணனைச் சுவரோரம் நிறுத்திப் புத்தகத்தைக் கொடுத்தார். முழங்காலிட்டு உட்கார்ந்து வலது காலை அளந்தார். பிறகு இடது கால். பதினான்கு மில்லிமீட்டர் குறைவு. நம்பாமல் மறுபடி அளந்தார். அதே பதினான்கு.

அத்தனை வருஷமாக அவர் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நடக்கும்போது, மாடிப்படி ஏறும்போது, கல்யாண ஃபோட்டோவில். தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். தான் செய்த காரியத்துக்கு ஒரு அளவு உண்டென்பதே அவருக்கு அதுவரை தோன்றவில்லை. எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார், எழுத ஓடவில்லை.

"எவ்வளவுடா?"

"பதினாலு." பேனாவை மறுபடி சட்டைப்பையில் சொருகினார். "பரவாயில்லண்ணா. இடது செருப்புக்கு அடியில ஒரு தகடு வச்சிடலாம். பெடல் சரியா எட்டும்."

"அதெல்லாம் நீ பாத்துக்குவே. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்." அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "பிரேக்கை நீயே பூட்டுவியா, வேற யாராவது பூட்டுவாங்களா?"

அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு மனிதன் எத்தனை நேரம்தான் மென்று முழுங்குவான்? முழங்காலிட்டபடியே, டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பந்தயத்தை, புதுக் கட்டையை, தேய்ந்த கட்டையை, விரலால் திருகிய நட்டை. "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்ணா. வந்ததுலேருந்து அதைத்தானே கேக்குற. இத்தனை வருசமா நான் சொல்வேன்னு காத்துக்கிட்டிருந்தே, இல்ல? நான் நாய்ண்ணா. அடிச்சிடு, ரெண்டு அடி அடிச்சிடு."

அண்ணன் அடிக்கவில்லை.  கால்களுக்கு நடுவிலிருந்த புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுடா" என்றார்.

அளவுக்காரருக்குப் புரியவில்லை. "தெரியாதா?"

"தெரியாது. ஆஸ்பத்திரியில அப்பா வந்து சொன்னாரு, நட்டை முடுக்காம வுட்டிருக்கே, கட்டை கழண்டு போச்சுன்னு. நான் முடுக்கினேன்னுதான் ஞாபகம். ஸ்பேனர் போட்டு ரெண்டு பக்கமும் முடுக்கினேன். ஆனா கட்டை இல்லையே! அப்போ என் ஞாபகம்தான் பொய்யின்னு நெனைச்சேன்."

"அண்ணா..."

"மெக்கானிக் படிப்புக்கு நான் ஏன் போகலைன்னு நெனைச்சே?"

"காலு..."

"காலா! கால் என்னடா பண்ணும்? உக்காந்துகிட்டே வேலை செய்யலாம். கையை நம்பல. நான் பூட்டின ஒண்ணை நம்பி இன்னொருத்தன் ஏறி உக்காந்து, அவன் செத்துக்கித்துப் போயிட்டா? அந்தப் பயம். வீட்ல நான் ஒரு பல்பு மாட்டினதில்ல. புள்ளை பொறந்தப்போ அது படுக்குற கட்டிலுக்கு நாலே நாலு திருகாணி முடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்தேன். உங்க அண்ணி என்னைச் சோம்பேறி சோம்பேறின்னு ஏசாத நாளில்ல. நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். கோப்பை அடுக்கினா யாரும் சாக மாட்டாங்க பாரு, அதான் அந்த வேலை."

அளவுக்காரருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முப்பத்து நான்கு வருஷமாக அவர் ஒரு காலுக்காக மருகிக்கொண்டிருந்தார். தான் எடுத்துக்கொண்டது கால் மட்டுமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. மறுநாளே சொல்லியிருந்தால்கூட, அப்பா நாலு சாத்து சாத்தியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். அண்ணன் படிக்கப் போயிருப்பார். அந்த நாலு அடிக்குப் பயந்துகொண்டு அவருடைய கையையே முடக்கிப் போட்டிருக்கிறோமே! பாவி, பாவி என்று மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார்.

அண்ணன் இரண்டு கைகளையும் மடிமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் முடுக்கினேனா?" என்று கேட்டார்.

"நீ முடுக்கித்தான் இருந்தே, அண்ணா. எனக்குக் கழட்டவே வரல. பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் கழட்டினேன். நீ அவ்வளவு இறுக்கமா முடுக்கியிருந்தே."

அண்ணன் முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. சிரிக்கப் போகிறாரா, ஓங்கி அறையப் போகிறாரா என்று தம்பிக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கே விளங்கியிருக்காது. எழுந்தார். காலைச் சாய்த்துச் சாய்த்து வாசல் வரை போனார். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"அண்ணா, போகாதண்ணா. ஏதாவது சொல்லிட்டுப் போ."

"என்னத்தைச் சொல்ல?" அண்ணன் திரும்பவில்லை. "இன்னைக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியல. நாளைக்கு வரேன்."

"எந்த வண்டியை எடுத்து வைக்கட்டும்? ரோட்டு வண்டியா, காட்டு வண்டியா?"

"எதையாவது எடுத்து வை. பிரேக்கை மட்டும் நீ தொடாதே. நான் வந்து பூட்டிக்கிறேன்."