உக்காரு டீச்சர்

அந்த மழலையர் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளை மேய்க்கும் டீச்சருக்கு அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வைத்த பட்டப்பெயர் 'உக்காரு டீச்சர்'. ஒன்பது வருஷமாக அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த சொல் அதுதான். எழுந்தால் உக்காரு, ஓடினால் உக்காரு, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் ஒழுங்கா உக்காரு. கழிவறைக்குப் போவதென்றாலும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக, சவ ஊர்வலம் தோற்கும் வேகத்தில் போக வேண்டும்.

முற்றத்தில் ஒரு சறுக்குமரம் இருந்தது. அதன் படியைக் கயிற்றால் கட்டிவிட்டு, பலகையில் தரை துடைக்கும் துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். பள்ளியில் காற்றோட்டமாக விளையாடியது அந்தத் துணிகள் மட்டும்தான்.

ஒவ்வொரு வகுப்புக்கும் காயக் குறிப்பேடு என்று ஒரு நோட்டு உண்டு. மற்றவர்களுடையது முட்டியும் மூக்குமாக நிரம்பி வழிய, டீச்சருடையது புது வாசனை மாறாமல் இருந்தது. அதற்காக ஆண்டுதோறும் பள்ளியை நடத்தும் மேடம் எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். டீச்சருக்குத் தலைகால் புரியாது. அந்தப் பெருமையில், தவமாய்த் தவமிருந்து பெற்ற ஒரே மகளையும் நான்கு வயதானதும் அதே வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அந்த வருஷம் பிள்ளைகளின் உடல் வளர்ச்சியைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். கையில் ஊசி இல்லை, ஒரு சாக்பீஸ்தான் இருந்தது. தரையில் கோடு போட்டு, "ரெண்டு காலையும் சேர்த்து வச்சுத் தாண்டுங்க பாக்கலாம்" என்றார். இருபத்திரண்டு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள். அதில் பதினைந்து பேர் கோட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சரின் மகள் கோட்டைச் சுற்றி நடந்துபோய் அந்தப் பக்கம் நின்றாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் டாக்டரம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள், கையை எடுத்ததும் அப்படியே சாய்ந்தாள்.

"உடம்புல ஏதாவது குறையா டாக்டர்?" டீச்சர் ஓடிவந்து மகளைத் தாங்கிப் பிடித்தார்.

"குறை ஒண்ணும் இல்ல. கால் நல்லாத்தான் இருக்கு, அதுக்கு வேலைதான் இல்ல. இந்த வயசுல நாளைக்கு மூணு மணி நேரமாவது ஓடி, ஏறி, குதிச்சுத் திரியணும். எலும்பும் தசையும் அப்பதான் உறுதியாகும். இவ எவ்வளவு நேரம் ஓடுறா?"

டீச்சர் யோசித்தார். குளிக்கக் கூப்பிட்டால் ஓடுவாள். அதையும் நாலு எட்டிலேயே பிடித்துவிடுவார்.

"ஓடவே விட்டதில்ல" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் துணிகளை அள்ளி எறிந்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மேடம் பதறிக்கொண்டு வந்தார்.

"முட்டி தேஞ்சா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தான் மேடம்."

முதல் வாரத்திலேயே நோட்டில் பதினோரு காயம் ஏறியது. ஒரு அப்பா நேரில் வந்து ஒரு பாட்டம் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் அவர் பிள்ளை மூன்று தரம் சறுக்கி முடித்திருந்தது. டீச்சரின் மகள்தான் அசைந்து கொடுக்கவில்லை. படியேறுவாள், அம்மாவின் விரலை இறுக்கிப் பிடிப்பாள், இறங்கிவிடுவாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும்போது தன் பிள்ளைக்கு மட்டும் வராமலே போய்விடுமோ என்று டீச்சர் தினமும் செத்துப் பிழைத்தார்.

மூன்றாம் வாரம் ஒரு நாள், இரண்டாம் படியில் நின்ற மகள், "கைய விடும்மா" என்றாள்.

"விழுந்துடுவ கண்ணு."

"நீதான் இழுக்கிற. விடும்மா."

குனிந்து பார்த்தால் நிஜம்தான், பிடித்துக்கொண்டிருந்தது டீச்சர். விட்டார். மகள் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, மண்ணில் குப்புற விழுந்தாள். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. டீச்சர் ஓடிப்போய் மண்டியிட்டு, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் ஓவென்று அழுதார்.

மகள் எழுந்து, மண் கையாலேயே அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலம்மா, அழாத. கொஞ்சம் தள்ளி நில்லு, நான் மறுபடி குதிக்கணும்."