ஏணியும் முக்காலியும் ஒரு பழைய ரம்பமும்

என் தம்பி பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது நான்தான். பதினான்கு வயதில் என்னைவிட ஒரு முழம் வளர்ந்தான், அதோடும் நிற்கவில்லை. தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் வீட்டுக்குள் நுழைந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கெல்லாம் கதவும் நிலையும் செய்கிற பட்டறையில் வேலை, தன் வீட்டு நிலையை மட்டும் உயர்த்த மாட்டான். கேட்டால், "குனிஞ்சா கொறைஞ்சா போயிடுவேன்?" என்பான்.

அந்தப் பட்டறையில் நாடா ரம்பம் ஓட்டுவதுதான் அவன் வேலை. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த எஃகு நாடா. நடுவில் ஒரு இரும்பு மேசை. ஒருவர் இந்தப் பக்கம் நின்று பலகையைத் தள்ள வேண்டும், இன்னொருவர் அந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும். தள்ளுகிறவர்தான் மெஷின்காரர். இருபத்தேழு வருஷம் என் தம்பி தள்ளினான். அதில் பத்தொன்பது வருஷம் ஒரே ஆள் இழுத்தான். அவன் குள்ளம், அகலம், அசையாமல் நிற்பான். பட்டறையில் என் தம்பிக்கு ஏணி என்று பெயர், அவனுக்கு முக்காலி. சாப்பாட்டு நேரத்தில் ஒருவனைக் காணோம் என்றால், "ஏணி எங்கடா சாஞ்சிருக்கு?" என்று மற்றவனைக் கேட்பார்கள்.

சுவிட்ச் மெஷின்காரர் கைப் பக்கம்தான் இருக்கும். இழுக்கிறவர் மரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மெஷினைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை. மாமியார் வைத்த குழம்பில் மருமகள் உப்புப் போடாத மாதிரி, அது ஒரு மரியாதை.

ஒருநாள் நாடா அறுந்துவிட்டது. அறுந்த முனை வெளியே பாய்ந்து முக்காலியின் வலது முன்கையைக் கிழித்தது. தையல் போட்டார்கள், புண் ஆறியது, மூன்று விரல்கள் மடங்காமல் போயின. பிளேடு பழசு என்று எல்லோரும் சொன்னார்கள். என் தம்பியும் அதையேதான் சொன்னான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தான். ஒருநாள்கூட வார்டுக்குள் போகவில்லை. பத்தாம் நாள் பட்டறைக்குப் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். முக்காலிக்கு வாசலில் உட்கார்ந்து வண்டி வருவதைப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள்.

எட்டு மாதம் என் தம்பி சும்மா இருந்தான். சும்மா என்றால் சும்மாவே. உளியைக்கூடத் தொடவில்லை. அப்புறம் ஒரு காலையில், மூடிப்போன படகுப் பட்டறையிலிருந்து ஒரு பழைய ரம்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டின் பின்புறக் கொட்டகையில் இறக்கினான். அவனைவிட உயரமான மெஷினை அன்றுதான் பார்த்தேன். வார்ப்பிரும்பு உடம்பு, வில் மாதிரி வளைந்த கழுத்து, ஒவ்வொரு சக்கரமும் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை அளவு. ஒழுகுகிற கூரைக்குக் கீழே எத்தனை மழையைப் பார்த்ததோ, தொட்ட இடமெல்லாம் துரு பொடியாக உதிர்ந்தது.

"வீட்டுக்குப் பின்னால யானையைக் கட்டிட்டு வந்து நிக்கிறாரு அண்ணி, நீங்களாவது கேளுங்க" என்றாள் அவன் பெண்டாட்டி.

கேட்டேன். "இது ஓடுச்சுன்னா நான் இன்னும் மெஷின்காரன்தான்க்கா. ஓடலன்னா இல்ல" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் மனசு முழுக்க அதில்தான் இருந்தது என்று எனக்கு அன்றே தெரியும்.

பதினாலு மாதம் ஆனது. ஒரு வருஷம் என்று அவன் பெண்டாட்டி சொல்வாள். அவள் சொல்வது தப்பு. ஒவ்வொரு திருகாணியையும் டீசலில் ஊறவைத்து மூன்று நாள் காத்திருந்துதான் திருகுவான். அவசரப்பட்டு அடித்து உடைத்தது ஒன்றுகூட இல்லை. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேலே பச்சைப் பெயிண்ட், அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. சக்கரத்தின் தண்டு சுழல்கிற இடத்தில் இப்போது மாதிரி பேரிங் கிடையாது, உருக்கிய வெள்ளை உலோகம்தான். அது தேய்ந்து போயிருந்தது. லேத் ஓட்டுகிற கடைசல்காரர் ஒருவர் உதவிக்கு வருவார். இரண்டு பேருமாக அதை உருக்கி ஊற்றிய அன்று நானும் இருந்தேன். தண்டில் உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விளக்குப் புகையைப் பிடித்துக் கரியேற்றினார்கள்.

"பாத்தீங்களா அக்கா, உங்க தம்பி மெஷினுக்கு மை வெச்சு விடுறாரு" என்றார் கடைசல்காரர்.

நானும் அவன் பெண்டாட்டியும் சிரித்தோம். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தான்.

அவன் எப்போதுமே அப்படித்தான் பிந்திச் சிரிக்கிறான் என்பதை அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மரச்சுத்தியலால் தட்டுவார்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். கடைசல்காரர் தட்டினார். என் தம்பி ஒரு மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சக்கரத்தில் வைத்து, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான்.

"என்னடா இது கூத்து?" என்றேன்.

"பல்லு நல்லா சொல்லும்க்கா" என்றான்.

வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து சுர்ரென்று கத்தும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருப்பான். "என் வாய்க்கு இந்த வீட்ல மதிப்பே இல்ல அண்ணி. பத்து தடவ கூப்பிட்டா ஒரு தடவ ம்ங்கிறாரு" என்று அவள் குறைப்படுவாள். எல்லாப் புருஷனும் அப்படித்தான் என்று நானும் சொல்லிவிடுவேன். அவள் வாயை அடைத்துவிட்டேனே தவிர, எனக்குள் ஒரு சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. கேட்டிருக்கலாம். அவன் முகம் இரண்டு வருஷத்துக்குப் பிறகு தெளிந்திருக்கும்போது எப்படிக் கேட்பது என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

சக்கரங்களுக்கு ரப்பர் ஒட்டி, நடு கொஞ்சம் மேடாக வரும்படி இழைத்தான். படகுப் பட்டறைச் சுவரில் தொங்கிய நாடாவையே எடுத்து, பல் பல்லாகத் தீட்டி, முனையோடு முனை பற்றவைத்தான். மோட்டாரை மாட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தான். நான், அவன் பெண்டாட்டி, கடைசல்காரர்.

சுவிட்சைப் போட்டான். அந்தப் பெரிய உடம்பு ஒரு குலுக்கல் இல்லாமல் சுழன்றது. மேசைமேல் தண்ணீர் டம்ளரை வைத்தான், தண்ணீர் அசையவில்லை. கடைசல்காரர் அந்தப் பக்கம் போய் இழுக்க நின்றார். என் தம்பி ஒரு கனத்த பலகையைத் தள்ளினான். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போனது. அவன் முகத்தை நான் பார்த்தேன். சின்ன வயதில் முதல்முறை சைக்கிள் ஓட்டியபோது இருந்த முகம்.

இரண்டாவது பலகை பாதி போயிருக்கும். ரம்பத்தின் இரைச்சலுக்குள்ளே இன்னொரு சத்தம் வந்தது. தையல் மெஷின் மாதிரி விடாமல் ஒரு டிக்டிக். கடைசல்காரர் நிமிர்ந்து என் தம்பி முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். என் தம்பி சிரித்த முகத்தோடு தள்ளிக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா அது சத்தம்?" என்று கத்தினேன். திரும்பவில்லை. இன்னும் கத்தினேன். அவன் பெண்டாட்டியும் கத்தினாள். நான் போய் சுவிட்சை அடித்து அணைத்தேன்.

அப்படி ஒரு கோபத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. "உனக்கு என்ன தெரியும்னு கைய வெச்ச? ஓடுற மெஷின்ல யாராவது கை வெப்பாங்களா?"

"சத்தம் வந்துச்சுடா."

"என்ன சத்தம்?"

"டிக்குடிக்குன்னு. உனக்குக் கேக்கலையா?"

அவன் கடைசல்காரரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் தம்பி நாடாவில் பல்லுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினான். முக்கால் சுற்று போனதும் நகம் நின்றது. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில், பல்லின் அடியிலிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். இன்னும் இரண்டு பலகை தாங்கியிருக்காது. எதிரில் நின்றது கடைசல்காரர்.

கவிழ்த்து வைத்த பெட்டியின்மேல் உட்கார்ந்தான். "அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சிருக்கும்" என்றான். "ஆறு வருஷமாச்சுக்கா. முதல்ல இடது காது. அப்புறம் வலது. வாயைப் பாத்துப் பாத்து ஓட்டிட்டேன்."

அவன் பெண்டாட்டி அவன் எதிரில் போய் நின்று, முகத்துக்கு நேராகக் கேட்டாள். "அப்ப நான் திட்டுனது பூரா வீணா?" கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள்.

"முக்காலிகிட்டப் போய்ச் சொல்லு" என்றேன் நான்.

"முடியாதுக்கா."

"நானும் வரேன். நட."

"ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் என்னன்னு சொல்ல?"

"என்கிட்ட சொன்னத சொல்லு. செருப்பைப் போடு."

முக்காலியின் வீடு ஒரே அறை. இடது கையால் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, வாங்கண்ணே" என்று பாயை விரித்தான். என் தம்பி உட்காரவில்லை. நிலைக்கு வெளியே குனிந்து நின்றபடியே சொன்னான்.

"அன்னைக்கு பிளேடு மேல தப்பு இல்லடா. சத்தம் குடுத்திருக்கும். எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயிடுச்சு. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

முக்காலி போட்ட பொத்தானைத் திரும்பக் கழற்றினான். தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னான்.

"என்னக்கா சொல்றான்?" என்று என் தம்பி என்னைக் கேட்டான்.

அதை என் வாயால் சொல்லும்படி ஆயிற்று. "சத்தம் குடுத்துச்சாம்டா. அவனுக்குக் கேட்டுச்சாம். மெஷின்காரர் உனக்குக் கேக்காமலா இருக்கும்னு சும்மா இருந்தானாம்."

கடைசல்காரர் ஏன் ஒன்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முக்காலி நிமிர்ந்தான். இப்போது அவன் சொன்னது என் தம்பிக்கே புரிந்திருக்கும், அத்தனை மெதுவாக, வாயைத் திறந்து சொன்னான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா கை இருந்திருக்குமேன்னு ரெண்டு வருஷமா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. காது கேக்கலடான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பத்து தடவ கத்தியிருப்பேனேண்ணே." அப்புறம், "போங்கண்ணே. இப்ப போங்க" என்றான்.

வந்துவிட்டோம்.

மறுநாள் என் தம்பி விரிசல் விட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நாடாவைப் புதிதாகப் பற்றவைத்தான். அதற்கு அடுத்த நாள் சுவிட்சைக் கழற்றினான். தான் நிற்கிற பக்கத்திலிருந்து எடுத்து, மேசையைச் சுற்றி ஒயரைக் கொண்டுபோய், இழுக்கிறவர் நிற்கிற பக்கத்தில் பொருத்தினான். கூடவே, உள்ளங்கையால் ஒரு அடி அடித்தால் நிற்கிற மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான். அவன் நிற்கிற இடத்திலிருந்து அவ்வளவு நீளக் கைக்கே அது எட்டாது.

"நான் வந்து நிக்கிறேன். எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு" என்றாள் அவன் பெண்டாட்டி.

"நீ நிறுத்தினா, சும்மா போடும்மான்னு அதட்டிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்" என்றான்.

கடைசல்காரர் வரவா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றான். மெஷின் அப்படியே நின்றது. தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு, மூடிவிடுவான். ஒரு மாதம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. போய் ஒரு வார்த்தை கூப்பிடேன் என்றேன். கூப்பிட எனக்கு வாய் இல்லைக்கா என்றான். நான் போகிறேன் என்று கிளம்பினேன். கையைப் பிடித்து உட்காரவைத்தான். என்னை அப்படி உட்காரவைத்தவர்கள் குறைவு, உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் முக்காலி தானாக வந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குப் போய் மெஷினைச் சுற்றி வந்தான். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். இழுக்கிற பக்கம் வந்ததும் சிவப்புப் பொத்தானைக் கண்டு நின்றான். மடங்காத விரல்களை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தான். அப்புறம் மெஷினைப் போட்டுவிட்டு, எதிர்ப் பக்கம் வந்து நின்ற என் தம்பியிடம் பலகைக்காக இடது கையை நீட்டினான்.

அன்று மூன்று முறை நிறுத்தினான். முதல்முறை மரத்துக்குள் ஒரு பழைய ஆணி உரசியது. இரண்டாவது முறை ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் ஒன்றும் இல்லை, ஓடிக்கொண்டிருந்த பலகையின் நடுவில் வேண்டுமென்றே அடித்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் தம்பி மூன்று முறையும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். ஏன் என்று கேட்கவில்லை. நகத்தை வைத்து நாடா முழுவதையும் ஒரு சுற்று பார்த்தான். பார்த்து முடித்து, முக்காலியின் முகத்தைப் பார்த்தபடி, அவன் திரும்பப் போடும்வரை நின்றான்.