பதில் சொல்லாத சலாம்

நான் தண்ணீர் மோட்டார் திருத்துகிறவன். ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் என் தொழில். ஜின் கதை சொல்லி ஆட்களைப் பயம் காட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பீர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

எங்கள் வாப்பாவை இங்கே கரைத்தீவில் 'சலாம் காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளையைக் கண்டாலும் அவர்தான் முந்திச் சலாம் சொல்வார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தியபோது, எல்லாரும் அழுதுகொண்டு ஓட, அவர் மட்டும் திரும்பிப் போய் வெறும் வீட்டு வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டு வந்தார்.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே வாப்பா" என்றேன்.

"சலாம் வீண் போகாது மகன். எப்பவாச்சும் பதில் வரும்" என்றார்.

இங்கே அகதி முகாமில் எங்கள் கொட்டிலுக்குக் கதவே இல்லை, சாக்குத்தான் தொங்கியது. அந்தச் சாக்குக்கு வெளியே நின்று சலாம் சொல்லி, பதில் வந்த பிறகுதான் உள்ளே வருவார். பதில் வரும்வரை அசையமாட்டார், நாங்கள் வேண்டுமென்றே சுணங்கிச் சிரிப்போம்.

சண்டை முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நின்றார். காடாகிக் கிடந்த பழைய வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டு அங்கேயே கண்ணை மூடி மவுத்தாக வேண்டுமாம். எனக்கு இங்கே தொழில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரு நாள் காலையில் வாய் தடித்துவிட்டது.

"காட்டுக்குள்ள ஆரோட இருக்கப் போறீங்க? ஒங்களுக்குப் பைத்தியமா?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். வேலிப் படலையடியில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் மகன்" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அந்தப் பக்கம் பார்த்தேன், ஆளில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. சந்திக் கடைக் கதிரையில் இருந்தபடியே மவுத்தாம்.

சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. நான் சொல்லாததை ஒருவருக்கும் சொல்லவில்லை, உம்மாவுக்குக்கூட.

ஒன்றரை மாதம் கழித்துத் தாங்க முடியாமல், வேலைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் காட்டுப் பாதையால் மன்னாருக்குப் போனேன். வீட்டுக்குக் கூரையில்லை, அறைக்குள் வேம்பு வளர்ந்திருந்தது, வாசல் நிலை மட்டும் நின்றது. தூரத்தில் லுஹர் பாங்கு முடிந்த நேரம். அந்த வாசலில் நின்று, "வஅலைக்கும் ஸலாம் வாப்பா" என்று சத்தமாகச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு இலைகூட அசையவில்லை. பிள்ளை மாதிரி அழுதுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வரப் பொழுதுபட்டு மஃரிபாகிவிட்டது. உம்மா இத்தாவில் இருந்தார், புருஷன் மவுத்தான பொம்பிளை நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டுமே. அறைக்குள் இருந்தபடியே கேட்டார்.

"லுஹருக்கு வந்தாயே மகன், ஏன் உள்ளுக்கு வராமப் போனாய்?"

"நான் வரல்லையே உம்மா."

"படலையடியில ஒன்ட சத்தம் கேட்டிச்சே. வஅலைக்கும் ஸலாம் வாப்பா எண்டாய். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தி வெச்சன்."

மேசையில் இரண்டு கோப்பை, ஆறிப்போய் இருந்தது.

"வாப்பாட சத்தமும் கேட்டிச்சா உம்மா?"



"இல்ல மகன். அவர் மவுத்தான நாளிலயிருந்து அந்தப் படலையடியிலதானே நிண்டாரு. நீ பதில் சொன்ன பிறகுதான் போனாரு. செருப்புச் சத்தம் கேட்டிச்சு."

நம்புங்கள், நம்பாமல் விடுங்கள். இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது அந்தச் செருப்புச் சத்தமில்லை. அந்த ஒன்றரை மாதமும் நான் ஒவ்வொரு நாளும் அதே படலையால்தான் போய் வந்தேன், தலையைத் தூக்காமல்.