பெயரில்லாத பிரேமைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு

காலை 5.40. திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி புறப்படும் நேரம். பழைய போர்வையில் சுற்றிய ஒரு சைக்கிள் பிரேமுடன் ஏறினேன். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, வெறும் பிரேம். நடத்துநர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"ஒடஞ்சி போச்சேம்மா இது. எதுக்குத் தூக்கினு போற?"

"இத செஞ்சவங்கள தேடிப் போறேன்."

அவர் எனக்கு மட்டும் தொண்ணூற்றைந்து ரூபாய்க்கு டிக்கெட் கிழித்தார். பிரேமுக்கு எதுவும் வாங்கவில்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

செஞ்சி வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன். ஒன்றரைக் கிலோதான் கனம். டைட்டானியம். விமானத்துக்குப் பயன்படுத்தும் உலோகம் என்று என் கணவர் குமரன் சொல்வார். துருப் பிடிக்காது, ஆயுளுக்கும் உழைக்கும் என்பார். இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் விளம்பரம் பார்த்து, புதுச்சேரியிலிருந்து யாரோ ஒருவரிடம் பழையதாக வாங்கினார். அதில் கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை, பெயிண்ட் கூட இல்லை. போன ஆடியில் ஜவ்வாது மலை இறக்கத்தில் அது முன்பக்கம் முறிந்தது. இடுப்புக்குக் கீழே அவருக்கு இப்போது உணர்வு இல்லை. முதுகெலும்பைத் தாங்க வைத்திருக்கும் ஆறு திருகாணிகளும் டைட்டானியம்தான்.

ஆஸ்பத்திரியில் வாய் திறந்து பேச ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அத யாரு செஞ்சாங்க, சுலோ?" என்பதுதான். அன்றிலிருந்து எட்டு மாதம் அதே கேள்வி. கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பில் பிரேமின் படங்களை ஊர் ஊராக அனுப்பினார். ஒருவர் அமெரிக்கா என்றார். ஒருவர் ரஷ்யா, இன்னொருவர் தைவான். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். ஆய்வகத்து வெர்னியரை வீட்டுக்குக் கொண்டுவந்து குழாய் குழாயாக அளந்து கொடுத்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கூப்பிடுவார், "அந்தக் கீழ்க்குழாய இன்னொரு தடவ அளந்து சொல்லு." போய் அளப்பேன்.

எல்லாருடைய ஊகமும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. கீழ்க்குழாய் முன்பக்கக் குழாயோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன முக்கோணத் தகடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அப்படித் தகடு வைப்பதில்லையாம்.

விற்றவருடைய போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. போன வாரம் பரண் சுத்தம் செய்தபோது பிரேம் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. அதில் அனுப்பியவர் முகவரி இருந்தது. சனிக்கிழமை பார்த்துக் கிளம்பிவிட்டேன். கணவரைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் வந்திருந்தாள்.

8.55. புதுச்சேரி பேருந்து நிலையம். இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. கடற்கரைப் பக்கத்து வீதிக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். சனிக்கிழமையாதலால் வெளியூர்க் கார்கள் வாய்க்கால் ஓரமெல்லாம் அடைத்து நின்றன. மஞ்சள் சுவர்களின் முன்னால் இளம்பெண்கள் முந்தானையைச் சரிசெய்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் கல்யாணமான புதிதில் இதே வீதிகளில் வாடகை சைக்கிளில் சுற்றியிருக்கிறோம். அதை நினைக்க வேண்டாம் என்று கடலைப் பார்த்தேன்.

முகவரியில் இருந்தவர் பெயர் அந்துவான். எழுபது வயது இருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இஸ்திரி போட்ட சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. போர்வையை விலக்கியதும் உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"யாருக்கு ஆச்சு, மதாம்?"

சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை உட்காரச் சொல்லாதது ஞாபகம் வந்து மறுபடி எழுந்தார்.

"நான் செஞ்சது இல்ல மதாம் இது. மாடில குடியிருந்தாரு, முசியே லூக்குனு. இன்ஜினியரு. குழாய எல்லாம் பிரான்சுலேர்ந்து எடுத்துனு வந்தாரு. ஊருக்குப் போனவரு திரும்பல. இத எதனா பண்ணிக்கோனு எழுதிட்டாரு. அப்பறம் லெட்டருக்கும் பதில் இல்ல. எம் பேரன்தான் விளம்பரம் போட்டுக் குடுத்தான்."

"அவரே செஞ்சாரா?"

"அவருக்கு வெல்டிங் தெரியாது. சேதராப்பட்டுல டேங்க் செய்யற பட்டற ஒண்ணு இருக்குது. அங்க எடுத்துனு போவாரு. பேரு கீரு எனக்குத் தெரியாது."

அமெரிக்கா, ரஷ்யா, தைவான். கடைசியில் சேதராப்பட்டு. எனக்குச் சிரிப்புக் கூட வரவில்லை. அந்துவான் வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். "தெரிஞ்சிருந்தா வித்திருக்க மாட்டேன், மதாம்" என்றார். நம்பினேன். நம்பியதால் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

11.20. சேதராப்பட்டு. லாஸ்பேட்டை தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் என்றார் ஓட்டுநர். நானூறு ரூபாய். தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் ஊர் மாறிவிடுகிறது. நீள நீளமான தகரக் கூரைகள், லாரி டயர் புழுதி, எங்கிருந்தோ மருந்து வாடை. டீக்கடையில் விசாரித்ததில் டேங்க் செய்யும் பட்டறைகள் மூன்று என்றார்கள். முதல் இரண்டிலும் டைட்டானியம் என்ற பேச்சே இல்லை.

மூன்றாவது பட்டறையின் வாசலில் புதிதாகச் செய்த எவர்சில்வர் டேங்க் ஒன்று நின்றது. என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. நான்கு கால். ஒவ்வொரு காலும் டேங்கோடு சேரும் இடத்தில் ஒரு முக்கோணத் தகடு. தகட்டின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குத் துளை.

எவ்வளவு நேரம் அதன் முன்னால் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் வெல்டிங் முகமூடி தூக்கிவிடப்பட்டிருந்தது. பெயர் கலியமூர்த்தி என்று பிறகு சொன்னார்.

"இன்னாம்மா வேணும்?"

நான் போர்வையை அவிழ்த்தேன். இதைச் செய்தவரைப் பார்த்தால் சொல்லவேண்டியதை எட்டு மாதமாக மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் பிரேமை நீட்டினேன். அவர் பிரேமை வாங்கிப் பார்த்தார். பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் கட்டைவிரலால் தடவினார்.

"என் கை வேலதான் இது. அந்த வெள்ளக்காரரு சொன்னாரேன்னு செஞ்சேன். இத வெச்சி யாராச்சும் ஓட்டினாங்களா?"

"என் வீட்டுக்காரர்."

"எப்பிடி இருக்காரு?"

"படுத்த படுக்கையா இருக்காரு."

அவர் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். தான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அவருகிட்ட சொன்னேம்மா. இந்த உலோகத்த பத்தவெக்கும்போது வெளிய ஆர்கான் கேஸ் புடிச்சா போதாது, குழாய்க்கு உள்ளயும் கேஸ் ஓடணும், எங்கிட்ட அந்த வசதி இல்லன்னு. ஒரு மாதிரிக்குத்தான், நான் ஓட்டப்போறது இல்லன்னாரு. இங்க பாருங்க, நெறம் நீலம் பாஞ்சிருக்குது. வெள்ளி மாதிரி இருக்கணும் அது."

வீட்டுக்குப் போன் செய்தேன். நாத்தனார் கணவர் காதருகே வைத்தாள். செய்தவரைக் கண்டுபிடித்துவிட்டேன், என் பக்கத்திலேயே இருக்கிறார் என்றேன். "ஸ்பீக்கர்ல போடு" என்றார்.

"சார், நான் கலியமூர்த்தி பேசறேன். நான்தான் செஞ்சேன் சார்."

"உள்ள ஆர்கான் விட்டீங்களா?"

"இல்ல சார்."

"அந்த முக்கோணத் தகடு. அது யாரு சொல்லி வெச்சீங்க?"

"யாரும் சொல்லல சார். படத்துல அது கெடயாது. அந்த எடம் வீக்கா தெரிஞ்சிது. பலமா இருக்கட்டும்னு நானா வெச்சேன்."

பிரேம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. கீழ்க்குழாயில் விரிசல் எங்கே ஆரம்பித்தது என்பதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். தகட்டின் கூர் முனையில் ஆரம்பித்து, குழாயைச் சுற்றி ஓடியிருந்தது. கலியமூர்த்தியும் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலைத் தகட்டின் முனையில் வைத்தார், விரிசலோடு கொஞ்ச தூரம் கொண்டுபோனார், கையை எடுத்துவிட்டார்.

போனில் என் கணவர் காத்திருந்தார். அவருக்கும் அது தெரியும். அவர்தான் எனக்கு அதைக் காட்டியவர்.

"சரிங்க" என்றார் கடைசியில். "நல்ல எண்ணத்துலதான வெச்சீங்க."

கலியமூர்த்தி எழுந்து டேங்குக்குப் பின்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தேன். "வேற எதாவது கேக்கணுமாங்க?" என்றேன்.

"இல்ல."

"பிரேமை எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு? அங்கயே போட்டுட்டு வா."

பிற்பகல் 1.15. தொழிற்பேட்டை முனையில் புதுச்சேரி டவுன் பஸ் ஏறினேன். ஏறும்வரை கலியமூர்த்தி கூட நின்றார். பிரேம் அவருடைய பட்டறையிலேயே இருந்தது. "ஒரு நாள் வந்து அவர பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது.

பேருந்து நிலையத்தில் நாற்பது ரூபாய்க்குத் தயிர்ச்சாதப் பொட்டலம் வாங்கி, பிரிக்காமலே கையில் வைத்திருந்தேன். 2.30க்குத் திருவண்ணாமலை வண்டி. மடியில் போர்வை மட்டும் இருந்தது. எட்டு மாதமாக அவர் பேசிய பேச்சையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். குழாய் அளவு, எடை, யாரோ ஒரு ஊர்க்காரர் அனுப்பிய பதில். வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. பேசிய நாட்களிலெல்லாம் சாப்பிட்டார். தூக்கம் வராவிட்டாலும், அடுத்த நாள் யாருக்கு எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். இது எனக்குத் திண்டிவனம் தாண்டும்போதுதான் உறைத்தது. நான் பெயர் கேட்டுப் போனேன், பெயரோடு திரும்புகிறேன். போகாமலே இருந்திருக்கலாமோ என்று செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அப்படி நினைப்பது அவருக்குச் செய்யும் துரோகமா என்றும் நினைத்தேன்.

மாலை 5.45. வீடு. நாத்தனார் அடுக்களையில் இருந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை என்று கையால் ஜாடை காட்டினாள். அவர் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். கால் கழுவிவிட்டு வந்து தலையணையை உயர்த்தினேன். வழக்கமாக அந்நேரத்துக்கு அவர் நெஞ்சுக்கு முன்னால் மடக்கு மேசையைப் போட்டு லேப்டாப்பை வைக்கவேண்டும். எடுத்துவந்தேன்.

"வேணாம் சுலோ."

"கொஞ்ச நேரம் பாருங்களேன்."

"அதுல என்ன பாக்கறது?" என்றார்.

மேசையை மடக்கி, சுவரில் சாய்த்துவைத்தேன்.