அடுத்த லெவலில் மாறுகிறேன்

மார்லிஸ் ட்வெய்ட் ஏரிக்கரை ஊரான ஆஷ்லாண்டில் இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் அவள் வண்டி ஒருநாள் தாமதமானதில்லை. சும்மா சொல்லக்கூடாது, எதற்கும் அசையாத மனுஷி. சனிக்கிழமை மதியம் வெண்டல் வீட்டு நிலவறையில் மட்டும் அவள் ஹெல்கா என்ற வாள்வீராங்கனை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடும் சாகச விளையாட்டு அது. பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற வெண்டல் கதையை நடத்துவான். அரக்கர்களும் அவன் பொறுப்பு. குழாய் வேலை பார்க்கும் டாரல் ஆட்டத்தில் பூட்டுடைக்கும் திருடன். மார்லிஸின் கணவன் ஆரின், ஆட்டத்தில் காயம் ஆற்றும் வைத்தியன். முதியோர் இல்லத்தில் வாரம் முழுக்கக் கிழவர்களைத் திருப்பிப் போட்டு, துடைத்துவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு வருபவனுக்குச் சனிக்கிழமையும் அதே பிழைப்பு. கொடுமைதான்.

"எனக்கு நெருப்பு வீசணும்டி," என்பான். "நீ வைத்தியத்துக்கு மாறினா நான் மந்திரவாதி ஆயிடுவேன். ரெண்டு பேரும் கத்தியும் நெருப்புமா திரிஞ்சா காயத்துக்குக் கட்டுப் போட யாரு இருக்கா?"

"அடுத்த லெவல் வரட்டும், மாறிக்கிறேன்."

அடுத்த லெவல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவள் மாறவில்லை.

வெண்டல் பழைய விதியை விடாப்பிடியாகக் காப்பவன். ஒருவர் ஒரே ஒருமுறை தொழில் மாறலாம். மாறினால் முதல் லெவலிலிருந்து ஏற வேண்டும். பழைய லெவலைத் தாண்டும்வரை பழைய வித்தையைத் தொட்டால் அன்று சேர்த்த புள்ளி அத்தனையும் போச்சு. தள்ளிப்போடப் போட ஏற்றம் நீளும் என்பது மார்லிஸுக்குத் தெரியாமல் இல்லை. வாள் இல்லாமல் நிற்க அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

மார்ச்சில், வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஆரின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், எழவேயில்லை.

அவன் ஆடிவந்த வைத்தியன் சத்திரத்தில் தூங்குவதாக வெண்டல் கதையில் சொல்லிவைத்தான். நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஆரினின் பாத்திர விவரம் எழுதிய ஆட்டக் காகிதங்களை வெண்டலிடமே கொடுத்துவிடலாம் என்று மார்லிஸ் எடுத்துவந்தாள். மேசையில் வைத்து உறையைப் பிரித்தபோது வைத்தியனின் காகிதத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது.

அதில் ஆரினின் பாத்திரம் மந்திரவாதியாக மாறியிருந்தது. மந்திரங்கள் பென்சிலில் வரிசையாக இருந்தன. கீழே வெண்டலின் கையெழுத்து. அது இல்லாமல் எந்த மாற்றமும் செல்லாது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அப்போது ஹெல்காவுக்கு ஐந்தாம் லெவல், இப்போது பதினொன்று. ஓரத்தில் ஆரினின் எழுத்து: 'மார்லிஸ் மாறியதும்.'

"உனக்குத் தெரியுமா?" என்று வெண்டலைக் கேட்டாள்.

"தெரியும்."

டாரலைப் பார்த்தாள். அவன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தெரியும்," என்றான்.

"ஏன்டா ஒருத்தனும் வாயத் தெறக்கல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டான்," என்றான் வெண்டல். "கேட்டது போதும், இதக் காட்டினா கெஞ்சி வாங்கினதா ஆயிடும், அவளா ஆசைப்பட்டு மாறணும்னான்."

மார்லிஸ் அழுதாள். இறுதிச்சடங்கில்கூட அவள் இப்படி அழவில்லை. பிறகு ஹெல்காவின் காகிதத்தை வெண்டலிடம் தள்ளினாள்.

"வைத்தியத்துக்கு மாத்து."

"யோசிச்சுக்கோ. பதினொண்ணத் தாண்டணும். நம்ம வயசுக்கு..."

"மாத்துன்னேன்ல."

அவன் கையெழுத்துப் போட்டான். ஆரினின் புதிய காகிதத்தை அவள் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"அவன யாரு ஆடுறது?" என்றான் டாரல் மெதுவாக.

"யாரும் வேண்டாம். சத்திரத்துலயே தூங்கட்டும். மந்திரவாதியாத் தூங்கட்டும்."

ஆட்டம் தொடங்கியது. பாலத்தடி அரக்கன் முதல் அடியிலேயே டாரலின் திருடனைச் சாய்த்தான்.

"கத்திய எடு மார்லிஸ்," என்றான் டாரல். "ஒரே வெட்டு. நான் சாகப்போறேன்."

"எடுத்தா இன்னைக்குச் சேக்கிறது எல்லாம் போயிடும். ஏற்கனவே ஒன்பது வருஷத்தப் போக்கிட்டேன்."

அவள் காயம் ஆற்றும் பகடையை உருட்டினாள். இரண்டு விழுந்தது.

"ரெண்டு உயிர்ப்புள்ளி. எந்திரிச்சு ஓடு, டாரல். நான் பின்னாலயே வரேன்."