உள்ளே விட்ட துணி

தையல்காரியிடம் உடம்பை யாரும் மறைக்க முடியாது. ஆனாலும் மறைத்துப் பார்க்காத ஆளில்லை. இடுப்பில் டேப்பைச் சுற்றினதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குத் தைத்தால் அடுத்த வாரமே கொக்கி தெறித்துத் திரும்பி வரும். அதனால் நான் டேப்பைப் பிடித்தபடியே, பிள்ளை சாப்பிட்டாளா அக்கா என்று ஒன்று கேட்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் மூச்சு வெளியே வந்துவிடும். அப்போது எடுக்கிறதுதான் அளவு. அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், நோட்டில் எழுதிக்கொள்வேன்.

எங்கள் ஊர் கொட்டாரத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஏழு வருஷம் ஆகிறது. எட்டாங்கிளாஸோடு நின்றவள் நான், நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் காது உண்டே. உடம்பைக் குறைக்கணும் என்று என் முன்னால் நின்று சொல்லாத பொம்பிளை கிடையாது. நானும் அதே பாடு படுகிறவள்தான். உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் இருப்பீர்கள், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நாலு மாசம் கழித்து வரப்போகிற உடம்பு

ஸ்டெல்லா அக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. மகள் கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கும்போதே பட்டுத் துணியோடு வந்தாள். அளவெடுத்து முடித்ததும், இதில் இரண்டு இஞ்ச் குறைத்துத் தை என்றாள். கல்யாணத்துக்குள் உடம்பைக் குறைத்துவிடுவாளாம். ஜாக்கெட் சின்னதாகக் கண்முன்னே தொங்கினால்தான் வைராக்கியம் வருமாம்.

சொன்னபடியே தைத்தேன். ஆனால் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு, கால் இஞ்ச் தள்ளித் தள்ளி மூன்று வரித் தையல் போட்டேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். உடம்பு போட்டால் ஒரு வரியைப் பிரித்தால் போதும், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இஞ்ச் இளகிக் கொடுக்கும். 

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஜாக்கெட்டோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, ஜாக்கெட்டை மட்டும் நீட்டினாள். நானே வாங்கி, இரண்டு வரியைப் பிரித்து, தேய்த்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக இருந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப நீ அன்னைக்கே என்னை நம்பல்ல, இல்லியா மக்கா?"

அதே டாப்பு

பலசரக்குக் கடை வைத்திருக்கிற பகவதி அக்கா ஒரு நாள் சோற்றை நிறுத்திவிட்டாள். குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். பத்து நாளில் இடுப்பு ஒன்றரை இஞ்ச் இறங்கியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சுடிதார் டாப்பைச் சுருக்கிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த மாசம் அதே டாப்பு பிரிக்க வந்தது. அதற்கடுத்த மாசம் பிடிக்க வந்தது. பிடிக்க, பிரிக்க என்று அந்தத் துணியில் ஊசி போன ஓட்டை எல்லாம் சேர்ந்து ஒரு பூவேலை மாதிரி ஆகிவிட்டது.

நான் தையலைப் பிரிக்கும்போது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஏத்தங்காய் உப்பேரி, அதுதான் நேந்திரங்காய் சிப்ஸ், தின்றுகொண்டிருப்பாள். கடையிலும் பசிக்கிற நேரமெல்லாம் அதுதானாம். காய்கறி நிறையச் சேர்க்கச் சொல்லி யாரோ சொன்னார்களாம். எண்ணெயில் பொரித்தது அல்லவா அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிவிட்டாள். நானும் எடுத்துத் தின்றேன், அதை மறைப்பானேன். அக்கா சொன்னாள்: "சோறு ஒரு பருக்கை தொடல்ல கேட்டியா. இது காய்தானட்டி, இன்னும் ரெண்டு எடு."

மூன்றாவது வரி

அடுத்தவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சுகர் இருந்தது. பிரசவத்தோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். மகனுக்கு ஒன்பது மாசம் ஆனபோது ஊசி போடப் போன இடத்தில் டாக்டர் என்னையும் எடை பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, வயிற்றுச் சதை இப்படியே கிடந்தால் சுகர் திரும்பி வரும், வந்தால் பிறகு போகாது, ஆறு மாசத்தில் குறைத்துவிட்டு வந்து ரத்தம் கொடு என்றார். சுகரில் கால் விரலை எடுத்தவர்களை எங்கள் தெருவிலேயே தெரியும். மகன் இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை.

அதே வாரம் ஒரு சடங்கு வீட்டுக்குப் போக என் பழுப்பு ஜாக்கெட்டை எடுத்தேன். கொக்கி எட்டவில்லை. முதல் வரியை மகள் பிறந்தபோது பிரித்தது, இரண்டாவதை மகன் பிறந்தபோது. மூன்றாவதையும் அன்றைக்குப் பிரித்து, துணியின் ஓரத்தோடு ஓரமாக ஒரு தையல் ஓட்டினேன். அதற்கு மேல் பிரிக்க உள்ளே துணி இல்லை.

மறுபடி ஆஸ்பத்திரி போனபோது சிஸ்டர் சாப்பாட்டுக் கணக்குக் கேட்டார். காலையில் இரண்டு தோசை, மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, சாயங்காலம் ஒரு சாயா, ராத்திரி கொஞ்சம் சோறு. சொல்லச் சொல்ல எனக்கே இது கம்மியாகத்தானே இருக்கிறது என்று பட்டது. சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்: "அப்ப பிள்ளைக்க தட்டுல மிஞ்சுகத யாரு திம்பா?"

கையில் ஒரு கவர்

என் மகளுக்கு ஐந்து வயசு. பாதிப் புட்டு, அதோடு பிசைந்த பழம், கால் முட்டை, நெய் விட்ட சோறு என்று அவள் தட்டில் தினமும் மிஞ்சும். சோற்றைக் கொட்டக் கூடாதே என்று வழித்து வாயில் போடுவேன். அது ஒரு சாப்பாடு என்று எனக்குத் தோன்றினதே இல்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைத்தேன். மீன்குழம்புக்கு அரைக்கிற தேங்காயையும் பாதியாக்கினேன். வீட்டுக்காரர் கரண்டியால் குழம்பை இரண்டு தரம் கிண்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

சாப்பாடு எப்படியோ ஆயிற்று. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னதுதான் பெரிய கஷ்டம். வேலை இல்லாமல் கையை வீசிக்கொண்டு ரோட்டில் நடக்க எனக்கு வெட்கம். எங்கட்டி போற என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் ஒரு கவரில் ஜாக்கெட்டைப் போட்டு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வண்டி ஓட்டப் போகும் முன்னே, பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, குளத்தங்கரை வழியாக வயலைச் சுற்றி வருவேன். கேட்டவர்களிடம் தைத்ததைக் கொடுக்கப் போகிறேன் என்பேன். கவருக்குள் இருந்தது என் பழுப்பு ஜாக்கெட்.

மூன்று வாரம் இந்தப் பொய் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் பகவதி அக்கா கடை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். "எல்லாருக்கும் வீட்டுல கொண்டு குடுக்கியாமே, எனக்க டாப்ப மட்டும் நான் வந்து வாங்கணுமா?"

தினமும் விரதம்

அதோடு உண்மையாகவே கொண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. இல்லை என்று சொல்லத் தெரிந்தால் நான் ஏன் கவரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஏழாயிற்று. வயலுக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்தும் துணி வந்தது. கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று ஸ்டெல்லா அக்காவும் கூட வந்தாள். பாதிக் கவர் அவள் கையில், பாதி என் கையில். அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் ம் கொட்டுவேன். அன்றைக்கு நான் அவளை நம்பாத விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நடப்பதைவிடக் கஷ்டம், போகிற வீட்டில் சாயாவையும், வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியையும் வேண்டாம் என்பது. தயங்கினால் அவர்கள் மூஞ்சி சுருங்கிவிடும். விரதம் என்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சொன்னேன், சரி என்றார்கள். சனிக்கிழமையும் சொன்னேன். செவ்வாய், புதனும் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பகவதி அக்கா பழம்பொரித் தட்டைக் கையில் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள்: "நாள் தவறாம பட்டினி கேக்கிய சாமி எதுட்டி, எனக்கும் சொல்லு."

கத்தரிக்கோல்

ஆறு மாசம் முடிந்து ரத்தம் கொடுக்கப் போனேன். ஸ்டெல்லா அக்காவும் வந்தாள். வெறும் வயிற்றில் ஒரு தரம், பிறகு ஒரு தரம். முடிவு வருகிற வரைக்கும் மகன் வராந்தாவில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து விழுந்தான். சிஸ்டர் கூப்பிட்டார். இப்போதைக்குச் சுகர் இல்லை, ஆனால் வரப்பு மேலேதான் நிற்கிறாய், நடையை விடாதே, வருஷா வருஷம் வந்து பார் என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் பழுப்பு ஜாக்கெட்டை மெஷினில் வைத்தேன். மூன்றாவது வரியைத் திரும்ப ஓட்டினேன். போட்டுப் பார்த்தால் இன்னும் இளகல். இரண்டாவதையும் ஓட்டினேன், பிடித்துக்கொண்டது. முதல் வரி பாக்கி. உள்ளே மிஞ்சிய துணியைப் பார்த்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. இனி பிரிக்கவே முடியாதபடி நறுக்கி எறிந்தால்தான் வைராக்கியம் நிற்கும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். ஸ்டெல்லா அக்கா மகனை இடுப்பில் வைத்தபடியே என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வெட்டாத மக்கா. உன்னை நான் நம்புகேன். உடம்பைத்தான் நம்ப மாட்டேன்."

ஆக இரண்டு வரி குறைந்திருக்கிறேன், துணி உள்ளேயே பத்திரமாக இருக்கிறது, இவ்வளவுக்கும் பிறகு என் இடுப்பில் நானே டேப்பைச் சுற்றினாலும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.